பாச்சை உருண்டையா, கற்பூரமா, வசம்பா? மழைக்கு முன் ஒரு பீரோ கணக்கு

மும்பையில் எங்கள் செம்பூர் வீட்டு இரும்பு பீரோவைத் திறந்தால் புடவைக்கு முன்னால் வாசனைதான் வெளியே வரும். முப்பது வருஷ வாசனை. நான் கல்யாணமாகி வந்தபோது என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், தட்டுக்கு நாலாகப் போட்டு வைத்திருந்தார், பாச்சை உருண்டை. கரைய கரையப் புதிது விழும். நின்றதே இல்லை.

ஜூலைக் கடைசியில் மகளுக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். தலைப்பிரசவம், தாய்வீடு. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை பீரோவின் அடித்தட்டிலிருந்து மூன்று பழைய நூல் புடவைகளை உருவிக் கட்டிலில் போட்டார்.

"தூளிக்கு இதுதாம்ட்டி சரி. தொட்டுப் பாரு, பூ மாதி இருக்கு."

தொட்டுப் பார்த்தேன், பூ மாதிரிதான் இருந்தது. மோந்தும் பார்த்தேன்.

27 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். 'பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டு தருக: நாஃப்தலீன்' என்று எத்தனையோ பிள்ளைகளை எழுத வைத்து மார்க் போட்டிருக்கிறேன். அது பதங்கமாகி எங்கே போகிறது என்று என் வீட்டு பீரோவைப் பார்த்து ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். மழைக்கு முன்னால் பீரோவுக்குள் என்ன வைப்பது என்று முடிவுசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. பாச்சை உருண்டை, கற்பூரம், வசம்பு, வேப்பிலை, கடைசியாக ஒன்றுமே வைக்காமல் விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பட்டுப்புடவை பதினொன்று, காஷ்மீர் சால்வை ஒன்று, நூல் துணி கணக்கில்லை. மும்பை, மழை நாலு மாதத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர். அதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

உருண்டைக்கு எத்தனை பேர்

கரப்பானைப் பாச்சை என்கிறவர்களுக்கு இது பாச்சை உருண்டை. அந்துப்பூச்சிக்குப் பயந்தவர்களுக்கு அந்துருண்டை. ரசகற்பூரம் என்போரும் உண்டு, எனக்குப் பிடிக்காத பேர் அதுதான். இதில் கற்பூரமும் இல்லை, ரசமும் இல்லை. சித்த மருத்துவத்தில் ரசகற்பூரம் என்றால் பாதரசச் சரக்கு, அது வேறு வகை விஷம். எங்கள் மாடியில் இருக்கும் மராட்டிக்கார அம்மா 'டாம்பர் கோளி' என்பார். டாம்பர் என்றால் தார். எல்லாப் பேரிலும் உண்மையைச் சொல்வது இதுதான். நிலக்கரியைச் சூடாக்கும்போது வடியும் தாரிலிருந்துதான் 1820 வாக்கில் நாஃப்தலீனை முதன்முதலில் பிரித்தார்கள். இன்றும் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

பேர்க் குழப்பத்தைவிடப் பெரிய குழப்பம் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. ஒரே மாதிரி வெள்ளை உருண்டையாக இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று நாஃப்தலீன். இன்னொன்று பாரா-டைகுளோரோபென்சீன், அதாவது பென்சீன் வளையத்தின் எதிரெதிர் மூலையில் இரண்டு குளோரின் ஒட்டிய சேர்மம். பாத்ரூமில் தொங்கவிடும் வண்ணக் கட்டிகள் பலவற்றில் இருப்பதும் இதே. நான் இரண்டு கடையில் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றில் கூடப் பொருளின் பெயர் அச்சாகவில்லை, ரோஜாப்பூ படம் மட்டும் இருந்தது.

சரி, சோதித்துவிடலாம் என்று பழைய ஜாம் பாட்டில் ஒன்றில் வெந்நீர் ஊற்றி, இனிக் கரையாது என்கிற வரை உப்பைக் கலக்கி ஆறவிட்டேன். (சமையல் டம்ளரில் செய்யாதீர்கள். உருண்டையைத் தொட்ட பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.) அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் கடை உருண்டை மிதந்தது. இரண்டாம் கடை உருண்டை 'டொக்'கென்று அடியில் போய் உட்கார்ந்தது. செறிந்த உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.2. நாஃப்தலீன் அதைவிடக் கொஞ்சம் லேசு, பாரா-டைகுளோரோபென்சீன் கனம். ஆக மிதந்தது நாஃப்தலீன், மூழ்கியது மற்றது. இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர் பிடித்து, பூஜைக் கற்பூரத்தைக் கிள்ளிப் போட்டேன். அது மிதந்ததோடு நிற்காமல், தண்ணீர் மேல் சுள்ளெறும்பு மாதிரி இங்கும் அங்கும் ஓடியது. கற்பூரம் கரையும் பக்கத்தில் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைய, மறுபக்கம் அதை இழுக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத பாத்திரத்தில்தான் இப்படி ஓடும். அத்தை நாலு தடவை கிள்ளிப் போடச் சொன்னார்.

பிள்ளையும் எண்ணெயும் பழந்துணியும்

நான் பயந்ததற்குக் காரணம் ஜி6பிடி, சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்கு இந்தப் பேர் பழக்கமாக இருக்கும். அங்கே 1965 முதல் பிறக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பரிசோதிக்கிறார்கள். குறை இருந்தால் தாய்க்கு முதலில் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று, வீட்டில் பூச்சி உருண்டை வைக்காதே என்பது. என் நாத்தனார் அங்கே பிள்ளை பெற்றபோது ஃபோனில் இதைச் சொன்னதும், "அந்த ஊர்ல எல்லாத்துக்கும் சட்டம்" என்று நாங்கள் சிரித்ததும் இப்போது ஞாபகம் வருகிறது.

நாஃப்தலீன் ஆவி மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனதும் ஈரல் அதை நாஃப்தாலாகவும் நாஃப்தோகுவினோனாகவும் மாற்றுகிறது. இவை சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றம் செய்து நோகடிப்பவை. சாதாரணமாகச் சிவப்பணுவுக்குள் ஜி6பிடி என்கிற நொதி ஓடிக்கொண்டிருப்பதால் சேதம் அவ்வப்போது சரியாகிவிடும். அந்த நொதி குறைந்தவர்களுக்கு அணு உடைந்துபோகும். ரத்தம் குறையும், சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும், உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து பித்த நிறமி பெருகிக் காமாலை ஏறும். பெரியவர்களுக்கு இது ஆஸ்பத்திரிச் செலவு. பிறந்த சில நாளில் இருக்கும் பிள்ளைக்குக் காமாலை மூளையைத் தொட்டுவிடக் கூடும். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண்பிள்ளைகளிடம்தான் அதிகம் வெளிப்படும். தாய்க்கு அறிகுறி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இந்தியாவில் சமூகத்துக்குச் சமூகம் இதன் அளவு மாறும், மும்பைப் பார்சிகளிடம் கூடுதல் என்பது டாக்டர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த சங்கதி.

மருத்துவ நூல்களில் வரும் குழந்தைகள் உருண்டையை விழுங்கியவர்கள் மட்டும் இல்லை. உருண்டை போட்டு வைத்திருந்த கம்பளியையும் துணியையும் போர்த்தப்பட்ட கைக்குழந்தைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இன்னொன்றும் எழுதியிருக்கிறது, அதைப் படித்தபோதுதான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். உடம்பில் எண்ணெய் பூசியிருந்தால் நாஃப்தலீன் தோல் வழியே இன்னும் எளிதாக இறங்கும். அது கொழுப்பில் கரையும் பொருள். நாம் பிள்ளைக்கு என்ன செய்கிறோம்? காலை நீட்டி உட்கார்ந்து, மேலெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பழைய மெல்லிய புடவையில் தூளி கட்டி நாலு மணி நேரம் தூங்க வைக்கிறோம். பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்த புடவையில்.

அத்தையிடம் சொன்னேன்.

"இத வச்சித்தாம் நாம் மூணு பிள்ள வளத்தேன். ஒண்ணும் ஆவலியே?"

"ஆகலை அத்தை. ஆகாதவங்க வீட்டுக் கதையத்தானே நாம கேக்குறோம்."

அவர் பதில் சொல்லவில்லை. மூன்று புடவையையும் மடித்துத் தனியே வைத்தார்.

பாரா-டைகுளோரோபென்சீன் வந்தால் ஜி6பிடி பயம் குறையும். ஆனால் அது அறை வெப்பத்திலேயே நாஃப்தலீனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஆவியழுத்தம் உள்ளது, எனவே வீட்டுக் காற்றில் அதிகம் சேரும். எலிகளில் கண்ட கட்டிகளை வைத்து, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இரண்டையுமே 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்கிற 2பி பிரிவில்தான் வைத்திருக்கிறது. வெளிக்காற்றுக்கு வந்த நாஃப்தலீன் ஒரு நாளுக்குள் பாதியாகச் சிதைந்துவிடும். குளோரின் ஒட்டியது அவ்வளவு சீக்கிரம் போகாது, பாதியாகவே ஏறத்தாழ ஒரு மாதம். தண்ணீரில் சேர்ந்தால் இரண்டுமே மீனுக்கு ஆகாது. வாஷ்பேசினிலும் சிங்க்கிலும் நாலு உருண்டை போட்டு வைப்பது நம் வழக்கம். கரைந்த மிச்சம் கடைசியில் மித்தி ஆற்றிலோ கடலிலோதான் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் நாஃப்தலீன் உருண்டை விற்பனையில் இல்லை. இங்கே மளிகைக் கடையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

குழந்தை தப்பித் தவறி உருண்டையை விழுங்கிவிட்டால் பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள். கொழுப்பு சேர்ந்தால் உடம்பு அதை வேகமாக உறிஞ்சும். பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. எந்த உருண்டை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இவ்வளவு திட்டியதற்குப் பரிகாரமாக ஒரு வார்த்தை. நாஃப்தலீனைக் கெட்ட பொருள் என்று ஒதுக்க ஒரு வேதியியல் டீச்சருக்கு மனசு வராது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி செயற்கை அவுரி நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் தொடக்கப் பொருள் இந்த நாஃப்தலீன்தான். சோதனையில் தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் கொட்ட, வேலை சட்டென்று வேகமெடுத்தது. பாதரசம் வினையூக்கி என்று அப்படித்தான் கண்டார்கள். அதற்குப் பிறகு தென்னாற்காட்டிலும் பீகாரிலும் அவுரி போட்டவர்கள் பாடு என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. எங்கள் வீட்டுக்கு எதிரே பழைய காலனியை இடித்துவிட்டு இருபது மாடி எழுப்புகிறார்கள். இத்தனை உயரத்துக்குக் கான்கிரீட்டைக் குழாயில் ஏற்ற, தண்ணீரைக் கூட்டாமல் அதை இளக்கிவிடும் கலவைச் சரக்கு வேண்டும். 1960களில் ஜப்பானில் வந்த அந்தச் சரக்கும் நாஃப்தலீனிலிருந்து செய்ததுதான். கட்டடத்துக்குள் இறுகிக் கிடக்கட்டும், நல்லது. பிள்ளை மூச்சுக்குள் வேண்டாம்.

அது சரி, வேலை செய்கிறதா?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உருண்டை செய்வது வாசனை காட்டி விரட்டும் வேலை இல்லை. ஆவி போதிய அளவு சேர்ந்தால்தான் பூச்சியும் அதன் புழுவும் முட்டையும் சாகும். அந்த அளவுக்குச் சேர வேண்டுமானால் பெட்டி காற்றுப் போகாமல் மூடியிருக்க வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். எங்கள் பீரோவின் கதவிடுக்கில் பஸ் டிக்கெட்டை நுழைக்கலாம். தினம் நாலு தடவை திறக்கிறோம். உள்ளே ஆவி சேர வழியே இல்லை. சேர்வதெல்லாம் படுக்கையறைக் காற்றில்தான். முப்பது வருஷமாக நாங்கள் பூச்சிக்கு என்று வாங்கியதைப் பூச்சியைவிட நாங்கள்தான் அதிகம் மூச்சில் இழுத்திருக்கிறோம்.

அப்படியானால் புடவை எப்படித் தப்பியது? அந்துப்பூச்சிப் புழுவுக்கு முதல் ருசி கம்பளி. கம்பளியில் இருக்கும் கெரட்டின் அதற்குச் செரிக்கும். பட்டு வேறு புரதம், அதில் சோற்றுக்கறையோ வேர்வையோ இருந்தால்தான் அங்கே வாய் வைக்கும். நூல் துணிக்கு எதிரி இராமபாணப் பூச்சி, அது வருவது கஞ்சிக்காக. பாச்சை என்று பேரில் இருக்கும் கரப்பானுக்கு இந்த உருண்டை ஒரு பொருட்டே இல்லை. துவைத்து, கஞ்சி போடாமல் மடித்து வைத்த துணியைத் தேடி வருபவர் குறைவு. மும்பையில் பட்டைக் கெடுப்பது பூஞ்சைதான். உள்மடிப்பில் சாம்பல் நிறப் பொட்டாக ஆரம்பிக்கும், ஜரிகை மங்கும். பூஞ்சைக்கு உருண்டை மருந்தே இல்லை. இத்தனை வருஷம் தப்பியதற்கு அத்தை வருஷம் நாலு தடவை எல்லாவற்றையும் பிரித்து நிழலில் காயவிட்டு மடிப்பு மாற்றியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேர் மட்டும் உருண்டைக்குப் போனது.

கற்பூரம்

உருண்டையை விட்டுவிட்டுக் கற்பூரம் வைக்கிறோம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். மாட்டுங்காவில் ஒரு கடையில் கற்பூரமும் லவங்கமும் சேர்ந்த துணிப் பையை 'ஆர்கானிக்' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். வேதியியல் பாஷையில் ஆர்கானிக் என்றால் கரிமச் சேர்மம், அவ்வளவுதான். நாஃப்தலீனும் ஆர்கானிக், பெட்ரோலும் ஆர்கானிக். அந்தப் பையில் இருக்கும் பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் மரத்தை வெட்டி எடுத்ததும் இல்லை, பைன் மரத்து டர்பன்டைனில் இருக்கும் பைனீனிலிருந்து ஆலையில் செய்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் கற்பூரம் இல்லாமல் செல்லுலாய்டு இல்லை, செல்லுலாய்டு இல்லாமல் பம்பாயில் ஊமைப்படம் இல்லை. 2014 வரை போட்டி டேபிள் டென்னிஸ் பந்துகூடச் செல்லுலாய்டுதான். பழைய பந்து உடைந்தால் கற்பூர வாசனை வருவது அதனால்தான்.

பூச்சி விஷயத்தில் கற்பூரமும் உருண்டை மாதிரியேதான். பதங்கமாகும், மூடிய பெட்டியில் கொஞ்சம் வேலை செய்யும், திறந்த பீரோவில் வீட்டுக்கு வாசனை தரும். புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை என்பது அதற்கு ஒரு மார்க். ஆனால் விழுங்கினால் உருண்டையைவிட மோசம். சில நிமிஷத்தில் வலிப்பு வரும். ஒரு கிராம் அளவே சின்னக் குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. பூஜைக் கற்பூரத்தில் ஒரு சில வில்லை அந்த எடைக்கு வந்துவிடும். பார்க்கக் கல்கண்டு மாதிரி வேறு இருக்கிறது. ஜி6பிடி குறைவுள்ள கைக்குழந்தைக்குக் கற்பூரமும் ஆகாது என்று எச்சரிக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். தவழும் பிள்ளை வரப்போகும் வீட்டில் கீழ்த்தட்டில் இதை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டையும் சேர்த்து வைப்பது எல்லாவற்றிலும் முட்டாள்தனம். போன வருஷம் மே மாதம் அத்தை உருண்டைக்குப் பக்கத்தில் கற்பூரத்தையும் போட்டு வைத்தார், மயில்கழுத்து நிறப் புடவையின் மடிப்பில் எண்ணெய் மாதிரி ஒரு கறை. யார் எண்ணெய்க் கையோடு தொட்டது என்று வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. யாரும் தொடவில்லை. நாஃப்தலீன் தனியே 80 டிகிரியில் உருகும், கற்பூரம் 175க்கு மேல். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் 32 டிகிரி சுற்றியே உருகிக் குழம்பாகிவிடும். மே மாதச் செம்பூரில் 32 என்பது காலை பத்து மணி வெப்பம். எங்கள் வீட்டுக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, இன்னும் கேட்கவில்லை.

வசம்பு, வேப்பிலை

வேப்பிலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேம்பில் பூச்சியைத் தின்ன விடாமல் செய்யும் அசாடிராக்டின் நிஜமான சரக்குதான். ஆனால் அதன் மூலக்கூறு எடை 720, நாஃப்தலீனுக்கு 128. இவ்வளவு கனத்த மூலக்கூறு எழுந்து காற்றில் பரவாது. அதைப் பூச்சி தின்றாக வேண்டும், இலையைத் தின்ன அது பீரோவுக்குள் வருவதில்லை. சரியாகக் காயாத இலை ஈரத்தையும் கறையையும்தான் கொண்டுவரும்.

வசம்புக்கு மரியாதை கூட. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பேர். ராத்திரியில் அதன் பேரைச் சொல்லக் கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்பார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், லவங்கம், மிளகு, பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பது பழைய முறை. வசம்பின் ஆவியாகும் எண்ணெயில் இருக்கும் பீட்டா-அசரோன் தானியப் பூச்சிகளை வளர விடாது என்பது சரிதான். அதே பீட்டா-அசரோன் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை வந்தது. மூலிகை என்பதால் மட்டும் சாதுவாகிவிடாது. பிள்ளை நாக்கில் உரசித் தேய்ப்பது வேண்டாம் என்பேன், கையில் வளையமாகக் கட்டி அது வாயில் வைத்துச் சப்புவதும் வேண்டாம். பெட்டி ஓரத்தில் ஒரு முடிச்சாகக் கிடப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரிய பலனையும் நான் எதிர்பார்க்கவில்லை. அத்தைக்குத் திருப்தி.

ஒன்றுமே வைக்காமல்

இங்கேதான் கணக்குப் போட வேண்டியிருந்தது. உருண்டை வேலை செய்ய மூடிய பெட்டி வேண்டும். அப்படி ஒரு பெட்டி கையில் இருந்து, சுத்தமான துணியை உலர்ந்த நிலையில் அதற்குள் வைத்து மூடிவிட்டால், பூச்சி வரவும் வழியில்லை, பூஞ்சைக்கு ஈரமும் இல்லை. பிறகு உருண்டை எதற்கு?

உலர்ந்த நிலை என்பதில்தான் சிக்கல். பட்டு பார்க்கக் காய்ந்திருக்கும், ஆனால் சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் சுமார் 11 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முக்கால் கிலோ புடவைக்குள் ஒரு சின்னக் காப்பி டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அது இன்னும் ஏறும். பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் இரண்டு மூன்று கிராம்தான், துணியில் இருப்பது நூற்றுக்கணக்கான கிராம். எனவே ஜூலையில் மடித்து வைத்துவிட்டு நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது கடலில் பெருங்காயம். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் உறிஞ்சும். மூடாத பீரோவில் அது இரண்டு நாளில் நிறைந்து சும்மா கிடக்கும்.

மும்பையில் காற்று கொஞ்சம் உலர்ந்திருப்பது பிப்ரவரி வாக்கில். அதைத் தவறவிட்டேன். எனவே மே மாதம் ஒரு ராத்திரி ஏசி அறையில் எல்லாப் புடவையையும் கொடி கட்டி விரித்துவிட்டு, உலர் முறையில் ஏசியைப் போட்டு, மறுநாள் காலை அதே அறையில் வைத்தே மடித்துக் கட்டினேன். பழைய வேட்டியை நன்றாகத் துவைத்து, கஞ்சியும் நீலமும் இல்லாமல் காயவைத்து, அதில்தான் சுற்றல். பிளாஸ்டிக் உறை கிடையாது, ஈரம் உள்ளே மாட்டினால் வெளியே போக வழியிருக்காது. விளிம்பில் ரப்பர் வைத்த மூடியுள்ள எஃகுப் பெட்டிக்குள் அரைக்கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு வைத்தேன். ஆரஞ்சு நிற வகையாகப் பார்த்து வாங்கினேன். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கும், ஒரு விஷத்துக்குப் பதில் இன்னொன்று எதற்கு? நிறம் மாறினால் பழைய வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மீண்டும் உயிர் வரும். மழைக்காலத்தில் இங்கே கால்சியம் குளோரைடு டப்பாக்களும் விற்கிறார்கள், ஈரத்தை நன்றாகவே இழுக்கும். ஆனால் இழுத்த தண்ணீர் டப்பாவிலேயே உப்புக் கரைசலாக நிற்கும், அது கவிழ்ந்தால் பட்டு போச்சு. பாத்திர அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

காஷ்மீர் சால்வைதான் நிஜமாகவே அந்துப்பூச்சி தேடும் பொருள். அதற்கு மியூசியங்களில் செய்கிற வித்தை இருக்கிறது. பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். முட்டை உட்பட எல்லாம் சாகும். எடுத்த பின் பை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் துணி வேர்த்துவிடும். இரண்டு வாரமும் ஐஸ்கிரீமுக்கு இடமில்லாமல் போனதில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம்.

எல்லாருக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். அம்பாசமுத்திரத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் மச்சில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கம்பளியும் மெத்தை உறையும் இருக்கின்றன. ஆள் இல்லை, பிள்ளை இல்லை, பெட்டியும் இறுக மூடும். அங்கே நான் நாஃப்தலீனைத்தான் போடுவேன், துணியில் முடிந்து, மேலடுக்கில், கற்பூரம் சேர்க்காமல். ஆவி கனம், மேலிருந்து கீழே இறங்கும். திறக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே நிற்பேன். பாரா-டைகுளோரோபென்சீனை அங்கேயும் வைக்க மாட்டேன். பித்தான், பிளாஸ்டிக் பிடி போன்றவற்றை இளக்கிவிடும் குணம் அதற்கு உண்டு, தவிர சீக்கிரம் காலியாகும்.

பழைய உருண்டை மிச்சத்தைக் கழிப்பறையில் கொட்டாமல், மூடியுள்ள பாட்டிலில் போட்டு, மேலே எழுதி ஒட்டிக் குப்பைக்காரரிடம் தனியே கொடுத்தேன். பீரோவை சோப்புத் தண்ணீரில் துடைத்து, கதவைத் திறந்து போட்டு ஒன்பது நாள் மின்விசிறியைச் சுழலவிட்டோம். நூல் துணியெல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டோம், பட்டு நிழலில். சூடு படப் படச் சேர்மம் துணியைவிட்டு வேகமாக எழும். நூல் புடவைகளுக்கு வெயில் நல்லது. மகளின் டாக்டரிடம் பேசி, பிறந்ததும் பிள்ளைக்கு ஜி6பிடி பார்க்கச் சொல்லியிருக்கிறோம். எண்ணெய்க் குளியல் பற்றி அத்தைக்கும் டாக்டருக்கும் நடக்கப்போகும் பேச்சுவார்த்தையில் நான் தலையிடுவதாக இல்லை.

தூளிக்கு எடுத்த மூன்று புடவையில் இரண்டு தேறிவிட்டன. மூன்றாவது, இளம்பச்சை, அத்தையின் அம்மா கட்டியது, அதுதான் மூன்றிலும் மெத்து. நாலு தடவை துவைத்தாகிவிட்டது. நேற்று சாயங்காலம் பால்கனிக் கொடியிலிருந்து எடுத்து அத்தை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார்.

"இன்னும் வருது."

மடிக்காமல் மறுபடி கொடியில் போட்டார்.